தற்போதைய முகவரி

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். போன ஒரு மாதத்தில் உங்கள் வீட்டு விலாசத்தையும் செல்போன் நம்பரையும் எத்தனை இடத்தில் கொடுத்திருப்பீர்கள்? ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில் 'சார், மொபைல் நம்பர்?' என்று கேட்ட பையனிடம். அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி நீட்டிய நோட்டில். ரத்தப் பரிசோதனை நிலையத்தில். கூரியர்காரரிடம் 'பிள்ளையார் கோயில் தாண்டி லெஃப்ட், பச்சை கேட்' என்று தெருவுக்கே கேட்கும்படி போனில். பத்துக்கு மேல் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், யார் வரப் போகிறார்கள்? மிஞ்சிப் போனால் 'பர்சனல் லோன் வேணுமா சார்' என்று மத்தியானத் தூக்கத்தில் ஒரு போன் வரும்.

இப்போது இன்னொருத்தரை மனதில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பெண். பெயர் வேண்டாம். (இந்தக் கட்டுரையே பெயர் வேண்டாம் என்பதைப் பற்றியதுதான்.) அடி பொறுக்க முடியாமல், இரண்டு மாற்றுத் துணியும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையுமாக, ராத்திரி பஸ் ஏறி இன்னொரு ஊருக்கு வந்துவிட்டாள். கூடப் படித்த தோழியின் வீட்டு மாடியில் ஒரு அறை. கையில் நகை இல்லை, பணம் இல்லை, சர்டிபிகேட் எல்லாம் அந்த வீட்டு பீரோவில். அவளிடம் இருக்கும் ஒரே பாதுகாப்பு, தான் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது என்பது.

தோழி சொல்கிறாள், 'கோர்ட்டுக்குப் போகலாம்டீ. பாதுகாப்பு ஆணைன்னு ஒண்ணு இருக்காம். வாங்கிட்டா அவன் உன் பக்கமே வர முடியாதாம்.' சரிதான். அப்படி ஒன்று இருக்கிறது. போகிறார்கள். அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள்.

சினிமாவுக்கும் நாவலுக்கும்தான் விமர்சனம் எழுத வேண்டுமா என்ன? இந்த வாரம் அந்தப் படிவத்துக்கு எழுதுகிறேன்.

முதலில், அது எந்தச் சட்டத்தின் பிள்ளை என்று பார்த்துவிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதற்கு முன்னால் வீட்டுக்குள் அடி வாங்கிய பெண்ணுக்கு முக்கியமாக இருந்த வழி, 1983ல் வந்த 498ஏ பிரிவு. புருஷனை ஜெயிலுக்கு அனுப்பு, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு குடும்பம் நடத்து என்ற இரண்டே சாய்ஸ். 'அவர் ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டாம் சார், அடிக்காம இருந்தா போதும்' என்று சொல்லும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அதில் இடம் இல்லை. 2005 சட்டம் அந்த இடத்தைக் கொடுத்தது. மனைவிக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கு, அக்கா தங்கைக்கு, தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் கொடுத்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரை வைத்தது. மனு கொடுத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றது. (அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது தனிக் கட்டுரை.) நல்ல சட்டம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தச் சட்டத்தின் கூடவே வந்த விதிகளில் இருக்கிறது படிவம் 1. பாதுகாப்பு அலுவலர் பூர்த்தி செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பும் நிகழ்வறிக்கை. கோர்ட் வட்டாரத்தில் டி.ஐ.ஆர். என்பார்கள்.

எடுத்ததும் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். இந்தப் படிவத்தை எழுதியவருக்கு நம் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அடி, உதையோடு நிறுத்தவில்லை. ஆண் குழந்தை பெறவில்லை என்று அவமானப்படுத்துவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, சாப்பாட்டுக்கும் துணிக்கும் மருந்துக்கும் காசு தராமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. 'இதெல்லாம்கூட வன்முறைதானா?' என்று ஒரு பெண் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அரசாங்கக் காகிதத்தில் அப்படி ஒரு பக்கம் அபூர்வம்.

ஆனால் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். வரி 1, பெயர். வரி 2, வயது. வரி 3, சேர்ந்து வாழ்ந்த வீட்டின் முகவரி. வரி 4, தற்போதைய முகவரி. வரி 5, போன் நம்பர் இருந்தால். கொஞ்சம் கீழே வந்தால் பிள்ளைகளின் பெயர், வயது, இப்போது யாரிடம் இருக்கிறார்கள். அவசர உத்தரவு கேட்கும்போது கொடுக்க வேண்டிய வாக்குமூலத்துக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. அதிலும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள், தற்போது வசிப்பது என்று ஒரு கோடு.

அந்த நாலாவது வரியில் நம் பெண் என்ன எழுதுவாள்? தோழியின் வீட்டு நம்பரை, தெருப் பெயரை எழுதுவாள். படிவம் கேட்கிறது, ஆபீசர் பேனாவோடு காத்திருக்கிறார், எழுதாவிட்டால் மனு நிற்காதோ என்று பயம் வேறு. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்கு, வீட்டை விட்டு ஓடிய பிறகு நடப்பது தெரியவில்லை.

இனி அந்தக் காகிதத்தின் பயணத்தைப் பாருங்கள். ஒரு பிரதி மாஜிஸ்திரேட்டுக்கு. ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஒன்று அந்த வட்டாரத்துச் சேவை அமைப்புகளுக்கு. மனுவோடு சேர்ந்து ஒரு நகல் எதிர்மனுதாரருக்கு. எதிர்மனுதாரர் என்றால் யார்? அவன்தான்.

தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அது கோர்ட்டே இல்லை. ஆனால் அவன் பதில் சொல்ல வேண்டியது 'ஏன் அடித்தாய்' என்ற கேள்விக்கு. அந்தப் பதிலைச் சொல்ல அவள் இப்போது குடியிருக்கும் வீட்டின் கதவு நம்பர் எதற்கு? வாடகைத் தகராறா நடக்கிறது?

விலாசத்தை மறைத்துவிட்டால் போதும் என்று பார்த்தால், சட்டமே வேறு சில இடங்களில் வாய் தவறி உளறிவிடுகிறது.

18வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஆணை என்பதே அதன் கீழ்தான். அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையாதே, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகாதே, போன், கடிதம், நேரில் என்று எந்த வழியிலும் தொடர்பு கொள்ளாதே என்றெல்லாம் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மீறினால் 31வது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரமாதம். ஆனால் 'இன்ன தெருவில் இருக்கும் இன்ன நர்சரி பள்ளிக்குப் போகாதே' என்று ஆணையில் டைப் அடித்து, 24வது பிரிவின்படி அதன் நகலை இலவசமாக அவன் கையிலும் கொடுத்தால் என்ன அர்த்தம்? எங்கே போகக் கூடாது என்று சொல்கிற சாக்கில், அவனுக்கு அதுவரை தெரியாத ஒரு இடத்துக்கு வழி சொல்லியாயிற்று. 'அவர் வேலை பார்க்கும் எந்த இடத்துக்கும், பிள்ளை படிக்கும் எந்தப் பள்ளிக்கும்' என்று பொதுவாக எழுதினால் போதாதா? போதாது என்பார்கள் சிலர். தெரியாமல் போய்விட்டேன் என்று அவன் தப்பித்துவிடுவானாம். தெரியாமல் போகிறவனால் யாருக்கும் ஆபத்தில்லை ஐயா. தெரிந்துகொண்டு போகிறவனைப் பற்றித்தான் பேச்சு. ஏற்கெனவே தெரிந்த இடமாக இருந்தால் பெயர் சொல்லித் தடை போடுங்கள். தெரியாத இடமாக இருந்தால் பொதுவாக எழுதுங்கள். எது என்று அவளைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

அடுத்தது 27வது பிரிவு. எந்த ஊர் கோர்ட்டில் மனு போடலாம் என்று சொல்வது. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று பெரிய மனதோடு அனுமதிக்கிறது. பழைய ஊருக்குப் பயந்து பயந்து பஸ் ஏற வேண்டாம் என்ற நல்ல எண்ணம். ஆனால் நோட்டீஸைப் பிரித்ததும் மேலே கொட்டை எழுத்தில் கோர்ட் இருக்கும் ஊர். 'ஓஹோ, அங்கேதான் இருக்கியா?' தேட வேண்டிய பரப்பு ஒரே ஊராகச் சுருங்கிவிட்டது. சின்ன ஊராக இருந்தால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். இதைச் சட்டம் போட்டெல்லாம் தவிர்க்க முடியாது. அவள் ஒரு இடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று மனு போடும் முன்னால் அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். 'வேலை பார்க்கிற ஊர்லயும் போடலாம்மா, அவர் இருக்கிற ஊர்லயும் போடலாம், எது உங்களுக்கு வசதின்னு யோசிச்சுச் சொல்லுங்க' என்று ஒரு வரி.

ஜீவனாம்சம் கேட்டால் இன்னொரு படி மேலே. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ரொம்ப நல்ல காரியம் செய்தது. சம்பளத்தை மறைத்து 'நான் சும்மா இருக்கேன் எஜமான்' என்று நாடகமாடும் கணவர்களை மடக்க, இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதிரியையும் கொடுத்தது. அந்த மாதிரியில் இப்போது குடியிருக்கும் வீட்டின் முகவரி, அந்த வீடு யாருக்குச் சொந்தம், வேலை கொடுப்பவர் பெயர் எல்லாம் உண்டு. அவனைப் பிடிக்கப் போட்ட வலை. அதில் அவளும் அகப்படுகிறாள்.

கோர்ட் வராந்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் காலை பத்தரை மணிக்குப் போய் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். டவாலி வாசலில் வந்து நின்று அவள் பெயரை மூன்று தடவை ஊருக்கே கேட்கக் கூப்பிடுவார். அவளும், அவனும், அவன் கூட வந்திருக்கும் நாலு மச்சான்களும் ஒரே பெஞ்சில், ஒரே மரத்தடியில். விலாசத்தை எவ்வளவு ரகசியமாக வைத்தாலும், வாய்தா தேதியன்று காலையில் அவள் எங்கே இருப்பாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். கோர்ட் முடிந்து அவள் ஏறும் பஸ்ஸில் ஒருவனை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. கொரோனா காலத்தில் வீடியோவில் வழக்கு நடத்த நம் நீதிமன்றங்கள் கற்றுக்கொண்டன. அந்தக் கேமராக்களை இந்த மாதிரிப் பெண்களுக்குத் தாராளமாகத் திருப்பிவிடலாம். அதுவரை, அவளை அரை மணி முன்னதாக அனுப்பிவிட்டு அவனைக் கொஞ்சம் உட்கார வைக்க யார் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டும்?

சரி, சட்டத்தில் ரகசியம் பற்றி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 16வது பிரிவு: விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம். விதிகளில் 16வது விதி: காப்பகத்தில் இருக்கும் பெண் விரும்பினால், அவள் அங்கே இருப்பதைக் காப்பகம் வெளியே சொல்லக் கூடாது, எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது.

'விரும்பினால்' என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? பிரிவிலும் அதே கதைதான். தரப்பில் யாராவது விரும்பவும் வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றவும் வேண்டும். அதாவது யாரும் கேட்காவிட்டாலும் சரி, மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றாவிட்டாலும் சரி, எல்லாம் திறந்தே கிடக்கும். கேட்கலாம் என்று அவளுக்கு யார் சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோர்ட் படி ஏறுகிறவள், 16வது விதியின்படி என் இருப்பிடத்தை மறையுங்கள் என்று கேட்பாளா? மூச்சு வாங்க நிற்பாள். பூட்டு வாங்கி வைத்துவிட்டு, 'கேட்டால் பூட்டுகிறோம்' என்று கதவைத் திறந்தே வைத்திருப்பது என்ன பழக்கம்?

தோழி வீட்டு மாடியில் இருப்பவளுக்கு அந்த விதிகூடக் கிடையாது. அது காப்பகத்துக்கு மட்டும்.

ஏன் இப்படி ஆயிற்று? நான் யோசித்துப் பார்த்தேன். இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய சாதனையே, வீடு யார் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டில் வசிக்க அவளுக்கு உரிமை உண்டு என்ற 17வது பிரிவுதான். 'நீ ஏம்மா ஓடணும்? இது உன் வீடு. இங்கேயே இரு' என்றது சட்டம். அதற்காகப் போராடியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் மனதில் வீட்டுக்குள் நின்று போராடும் பெண்ணின் உருவமே இருந்ததால், ஓடிப் போனவள் விளிம்புக்கு வெளியே நின்றுவிட்டாள் என்று தோன்றுகிறது. வீட்டிலேயே இருப்பவளுக்கு விலாசம் ரகசியமில்லை. ஓடியவளுக்கு விலாசம்தான் உயிர். ஒரே படிவத்தை இருவரிடமும் நீட்டுகிறோம்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று உடனே கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் அமெரிக்கா சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அவர்களும் ரத்தம் சிந்தித்தான் கற்றுக்கொண்டார்கள். 1989ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது டி.வி. நடிகையை, வெறி பிடித்த ரசிகன் ஒருவன் வீட்டு வாசலில் காலிங் பெல் அடித்துச் சுட்டுக் கொன்றான். விலாசம் எப்படிக் கிடைத்தது? ஒரு துப்பறியும் ஏஜென்ஸிக்குக் காசு கொடுத்தான். அந்த ஏஜென்ஸி கலிஃபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்போது அந்தப் பெண் தன் கையால் எழுதிக் கொடுத்த விலாசம்! 1994ல் வாகனத் துறைகள் அப்படித் தகவல் கொடுப்பதைக் கட்டுப்படுத்த மத்தியச் சட்டமே வந்தது.

1991ல் வாஷிங்டன் மாகாணம் இன்னொன்று செய்தது. அடிக்குப் பயந்து இடம் மாறியவர்களுக்கு அரசாங்கமே ஒரு மாற்று விலாசம் கொடுத்தது. பள்ளிக்கூடம், கோர்ட், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த விலாசத்தையே எழுதலாம். கடிதம் அங்கே போகும். அங்கிருந்து நிஜ வீட்டுக்கு அரசாங்கமே திருப்பி அனுப்பும். இன்று பெரும்பாலான மாகாணங்களில் இந்த ஏற்பாடு உண்டு. 2005ல் திருத்தப்பட்ட அவர்களுடைய பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்பு ஆணை கேட்டவரின் அடையாளமோ இடமோ தெரியவரும்படி அந்த வழக்கு விவரத்தை இன்டர்நெட்டில் போடக் கூடாது என்றது. நாம் நம் சட்டத்தை நிறைவேற்றிய அதே 2005.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது இங்கிலாந்துக் குடும்ப நீதிமன்றத்தின் சி-8. அது ஒரு தனித் தாள். அவ்வளவுதான். மனுவில் விலாசம் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். கோர்ட் வைத்துக்கொள்ளும், எதிர்த்தரப்புக்குப் போகாது. கோடி ரூபாய் திட்டம் இல்லை, புதுக் கட்டடம் இல்லை, திறப்பு விழா இல்லை. ஒரு தாள்!

'அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு வராது' என்பவர்களுக்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது இங்கே குற்றம். அன்றைக்கு 228ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 72வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. ஆக, பெயரை மறைக்க நமக்குத் தெரியும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம் செய்ய மனு கொடுத்த ஜோடிகளின் வீட்டுக்கே தபாலில் நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் டெல்லியில் இருந்தது. சாதி மாறி, மதம் மாறிக் கல்யாணம் செய்ய நினைத்து வந்தவர்கள். வீட்டுக்கு நோட்டீஸ் போனால் என்ன நடக்கும் என்று நமக்கா தெரியாது? உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லி 2009ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. கேரளாவில் இந்த மாதிரித் திருமண நோட்டீஸ்களை இணையதளத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷமிகள் அதை எடுத்துப் பரப்பவே, 2020ல் அந்த மாநில அரசு இணையதளத்தில் போடுவதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், குடும்ப வழக்குகளில் கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய அடையாளத்தை நீதிமன்ற இணையதளத்தில் வெளியிடக் கூடாது என்றது. (இங்கேயும் 'கேட்டுக்கொண்டால்'தான். இந்த வார்த்தை நம்மை விடாது போலிருக்கிறது.)

இணையதளம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஈ-கோர்ட்ஸ் வந்தபின் வக்கீல் குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டாம், கட்சிக்காரர் பெயரை டைப் செய்தால் வழக்கு வந்து நிற்கிறது. பெரிய வசதி. அந்த வசதி வீட்டு ஓனருக்கும் உண்டு, வேலை கொடுக்கப் போகும் முதலாளிக்கும் உண்டு. 'ஏம்மா, உன் மேல கேஸ் எல்லாம் இருக்காமே?' உன் மேல கேஸ் இல்லை, அவள் போட்ட கேஸ் என்று யார் விளக்குவது? 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே என்று நினைப்பீர்கள். நீதிமன்றங்கள் தங்கள் பணிக்காகச் செய்வதற்கு அதில் பெரும்பாலும் விலக்கு.

கோர்ட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? எங்கள் தொழிலையும் சொல்கிறேன். 'இன்ன நகர் மூன்றாவது தெருவைச் சேர்ந்தவர் இன்னார். இவருடைய மனைவி இன்னார் (வயது 28)' என்று ஆரம்பிக்காமல் நமக்கு ஒரு குடும்பத் தகராறுச் செய்தி எழுத வருமா? தெருப் பெயர் இல்லாவிட்டால் செய்தியில் என்ன குறைந்துவிடும்? பல வருடப் பழக்கம், கை தானாக எழுதுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் வேறொரு கூத்து நடக்க வாய்ப்பு உண்டு. அவளைத் தேட அவன் துப்பறியும் ஏஜென்ஸியையெல்லாம் அமர்த்த வேண்டியதில்லை. 'என் மனைவியைக் காணவில்லை' என்று ஒரு புகார். செல்போன் டவரை வைத்து அரசாங்கச் செலவில் கண்டுபிடித்துவிடுவார்கள். வயது வந்த பெண், தன் விருப்பப்படி வந்திருக்கிறேன் என்று சொன்னால் அதோடு முடிய வேண்டும். 'உங்க மனைவி பத்திரமா இருக்காங்க, விருப்பமில்லைன்னு சொல்லிட்டாங்க, நீங்க போகலாம்' என்று, ஊர் பெயரைச் சொல்லாமல் பேசி அனுப்பத் தெரிந்த ஏட்டய்யா வாய்த்தால் அவள் செய்த புண்ணியம்.

அப்புறம் நாம். ஆமாம், நீங்களும் நானும்தான். எந்தப் படிவமும் நம் வீட்டுச் சித்தப்பாவை மிஞ்ச முடியாது. 'பாவம்டா அவன், தாடியும் மீசையுமா வந்து அழறான். புள்ளையைப் பாக்கணுங்கறான். ரெண்டு பேரும் உக்காந்து பேசினா சரியாயிடும்' என்று விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு காபி குடிப்பார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். பிள்ளையைப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது சித்தப்பா. 21வது பிரிவின்படி மாஜிஸ்திரேட் இடமும் நேரமும் குறித்துக் கொடுப்பார். அந்த இடம் அவள் படுத்துறங்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் பாராளுமன்றத்தில் புதிதாகச் சட்டம் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். 28வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு என்று ஒன்று யாரும் சீண்டாமல் கிடக்கிறது. இந்த மனுக்களை விசாரிக்கக் கோர்ட் தன் சொந்த நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. விலாசத்தைத் தனி உறையில் வாங்கி வைப்பதும், ஆணையில் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தவிர்ப்பதும், நோட்டீஸ், பதில் மனு எல்லாம் வக்கீல் ஆபீஸுக்குப் போகட்டும் என்பதும் அதற்குள் அடங்கும் என்றுதான் நான் படிக்கிறேன். நாளைக் காலை பத்தரை மணிக்கே ஒரு மாஜிஸ்திரேட் ஆரம்பிக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நிலைமையில் இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போகும்போது, எழுத ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே 'நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். கூடவே, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்று 16வது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வரி. போன் நம்பருக்கு வக்கீலுடையது.

அரசாங்கத்துக்கு ஒரே ஒரு மனு. படிவம் 1ஐ அடுத்த தடவை அச்சடிக்கும்போது, நாலாவது வரியையும் ஐந்தாவது வரியையும் அங்கிருந்து எடுத்து, கடைசியில் தனித் தாளாக வையுங்கள். மேலே 'நீதிமன்றத்துக்கு மட்டும்' என்று போடுங்கள். கிழித்தெடுக்க வசதியாக ஓரத்தில் புள்ளிக் கோடு இருந்தால் நல்லது.